இண்டி கேம்கள்: நம்ம தப்புக்கு எது எவ்வளவு வசூலிக்குது? (சேலம் – ஏற்காடு ஆட்டக்காரர் இழை)

#1 அஞ்சுரோடு

ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடையில சேல் வரும்போதெல்லாம், சின்ன டீம்கள் செய்யற இண்டி கேம்களைப் பத்தி ஒரே கேள்விதான் வருது: "இந்த விலைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?" விலையை மணியால வகுக்கிறது எனக்கு ஒத்து வராது. எலும்பையும் சேர்த்து எடை போடுற கணக்கு அது. நான் பார்க்கிறது வேற. நாம தப்பு பண்ணினா அந்த கேம் என்ன வசூலிக்குது? ஒரு நொடியா, ஒரு நாளா, மொத்த ஆட்டமுமா? இது தெரிஞ்சா நமக்கு ஆகுமா ஆகாதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே பாதி தெரிஞ்சிரும்.

செலெஸ்ட் (2018) எடுத்துக்கங்க. செத்தா அதே திரையோட வாசல்ல, ஒரு மூச்சு விடற நேரத்துல மறுபடி நிக்கிறோம். அபராதம் அவ்வளவுதான். ஒரே திரையில நூறு தடவை செத்தும் எரிச்சல் வராததுக்குக் காரணம் இதுதான். இது போக, நமக்குத் தெரியாமலே கேம் நம்ம பக்கம் சாயுது. விளிம்பு தாண்டி கால் காத்துல போன பிறகும் சில ஃப்ரேம் வரைக்கும் தாவல் எடுக்கும். தரையைத் தொடறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பட்டனை அமுக்கிட்டாலும் ஞாபகம் வச்சிருந்து, தொட்டதும் தாவும். தலை ஒரு மூலையில லேசா இடிச்சா உருவத்தைப் பக்கவாட்டுல நகர்த்தி மேலே விட்டுடும். சுவரைத் தொடாம 2 பிக்சல் தள்ளி நின்னாலும் சுவர்த்தாவல் கிடைக்கும். செஞ்ச மேடி தார்சனே இதையெல்லாம் வெளிப்படையா விளக்கியிருக்கார். வெளியில முரடுன்னு பேரு, உள்ளே இளகின மனசு.

ஹாலோ நைட் (2017) வசூலிக்கிறது நடை. செத்த இடத்துல நம்ம ஜியோ (அந்த கேமோட காசு) எல்லாம் நிழலா நிக்கும். கடைசியா உட்கார்ந்த பெஞ்ச்ல இருந்து திரும்பப் போய் அதை அடிச்சு வாங்கணும். போற வழியில இன்னொரு தடவை செத்தா காசு போனது போனதுதான். ஆனா பல பேர் முதல் 3 மணி நேரத்துலயே விட்டுட்டு வர்றது இதனால இல்லை, வழி தெரியாததால. வரைபடம் விக்கிற கார்னிஃபர்கிட்ட அதை வாங்கினா மட்டும் பத்தாது. இஸெல்டா கடையில 120 ஜியோவுக்கு எழுதுகோல் வாங்கினாத்தான் புதுசா போன அறைகள் வரைபடத்துல ஏறும், அதுவும் பெஞ்ச்ல உட்கார்ந்த பிறகு. நாம நிக்கிற இடம் தெரியணும்னா அதே கடையில 220 ஜியோவுக்கு வேவர்ட் காம்பஸ்ங்கற சார்ம் (மாட்டிக்கற தாயத்து), அதை மாட்ட ஒரு நாட்ச் (இடம்). ஆக முதல் 340 ஜியோவை வேற எதுக்கும் தொடாதீங்க. இன்னொன்னு: ஆணியால (அதுதான் நம்ம வாள்) ஒரு அடிக்கு 11 சோல்ங்கற சக்தி சேரும், ஒரு முகமூடி, அதாவது ஒரு உயிர், ஆற 33. மூணு அடிக்கு ஒரு மருந்துன்னு மனசுல ஓடினா சண்டை பதட்டம் பாதி குறையும்.

கார்டு வச்சு சண்டை போடற ஸ்லே த ஸ்பையர் (2019) மொத்த ரன்னையும், அதாவது ஆரம்பத்துல இருந்து ஆடின முழு ஆட்டத்தையும், பிடுங்கிக்கும். ஒரு மணி நேர உழைப்பு ஒரு பேராசைக் கார்டால போயிடும். அது ஆகாதவங்க வாங்காதீங்க. ஆகறவங்களுக்கு இதைவிட நேர்மையான கேம் கிடையாது, ஏன்னா எதிரி அடுத்து என்ன செய்யப் போகுதுன்னு தலைக்கு மேல காட்டிட்டுத்தான் செய்யும்.

#2 மல்கோவா

எல்லாம் சரிங்கண்ணா. 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, பழைய லேப்டாப். இதுல எது ஓடும்? ஸ்டீம்ல காட்டற மினிமம் லிஸ்ட்டை நம்பலாமா?

#3 லைன்மேடு_கீபோர்டு

இந்த இழையில இதுவரைக்கும் பேசினது எல்லாமே ஓடும். ஹாலோ நைட் சில பெரிய அறைகள்ல திணறினா தெளிவுத்திறனை 720க்கு இறக்குங்க, போதும். இந்த மாதிரி மெஷின்ல தடுமாறக்கூடியது அவுட்டர் வைல்ட்ஸ் மாதிரி முப்பரிமாணத்துல மொத்த சூரிய மண்டலத்தையே ஓட்டற கேம்தான்.

ஆனா ஒண்ணு பாருங்க. டாஸ்க் மேனேஜர் திறந்து பெர்ஃபார்மன்ஸ்ல மெமரியைச் சொடுக்கினா எத்தனை ஸ்லாட் பயன்படுதுன்னு காட்டும். "2ல 1"னு இருந்தா 8 ஜிபியும் ஒரே குச்சி. உள்ளமை கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமைத்தான் பங்கு போட்டுக்கும். ஒரே குச்சின்னா ஒரே பாதை. அதே வகை, அதே வேகத்துல இன்னொரு குச்சி போட்டா பாதை ரெண்டாகும், கேம்ல கண்ணுக்குத் தெரியற வித்தியாசம் வரும். வாங்கறதுக்கு முன்னாடி பின்மூடியைக் கழட்டிப் பார்த்துடுங்க. சில மாடல்ல ராமைப் போர்டுலயே பத்த வச்சிருப்பாங்க, காலி ஸ்லாட்டே இருக்காது.

செலெஸ்ட்டைக் கீபோர்டுல ஆடறவங்களுக்கு: அது ஆரம்பத்துல அம்புக்குறியோட சி தாவல், எக்ஸ் டேஷ், ஸெட் பிடி. மேல், வலது, எக்ஸ், ஸெட் நாலையும் ஒண்ணா அமுக்கும்போது மலிவான கீபோர்டு ஒரு பட்டனை முழுங்கிடும். "டேஷ் வேலை செய்யலை"ன்னு கேமைத் திட்டறதுல பாதி இந்தக் கேஸ்தான். பிடியை ஷிஃப்ட்டுக்கு மாத்துங்க. ஷிஃப்ட், கன்ட்ரோல் மாதிரி பட்டன்களுக்குப் பொதுவா வயரிங் தனி, முழுங்காது. மாத்தின கையோட விண்டோஸ்ல ஸ்டிக்கி கீஸை அணைச்சிடுங்க. இல்லைன்னா அஞ்சாவது தடவை ஷிஃப்ட் அமுக்கும்போது நடு ஆகாயத்துல ஒரு பெட்டி வந்து நிக்கும். கை வலிச்சா செட்டிங்ல பிடியை "டாகிள்" ஆக்குங்க, ஒரு தட்டுக்குப் பிடிச்சுக்கும், இன்னொரு தட்டுக்கு விட்டுடும்.

டிவியில இணைச்சா கேம் மோட் கட்டாயம். படத்தை வழவழப்பாக்கற வசதி ஆன்ல இருந்தா நாம அமுக்கறதுக்கும் திரையில தெரியறதுக்கும் நடுவுல ஒரு யுகம் ஓடிடும்.

#4 ஏற்காடுகாப்பி

ஸ்டார்டியூ வேலி (2016) என்ற பண்ணை விளையாட்டை யாரும் தொடவில்லையே. எரிக் பரோன் ஒற்றை ஆளாகச் செய்தது; இங்கே அபராதம் நாள் கணக்கு. ஒரு பருவத்துக்கு 28 நாள். தப்பான தேதியில் விதைத்தால் அந்தப் பணம் மண்ணில்தான்.

முதல் வசந்தத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் ஸ்ட்ராபெரி. விதை 13ஆம் தேதி முட்டைத் திருவிழாவில்தான் கிடைக்கும், ஒன்று 100 பொன். முளைத்துக் காய்க்க 8 நாள், பிறகு 4 நாளுக்கு ஒரு பறிப்பு. அன்றிரவே நட்டால் 21, 25 என இரண்டு பறிப்பு கிடைக்கும். மறுநாள் காலை நட்டாலும் 22, 26 வரும், ஆனால் ஒரு நாள் தண்ணீர் தவறினால் இரண்டாவது பறிப்பு விளிம்புக்குப் போய்விடும். பழம் 120 பொன், ஆகக் குழிக்கு 140 லாபம். அதே 13ஆம் தேதி காலிஃபிளவர் போட்டால் 80க்கு வாங்கி 175க்கு ஒரே தடவை விற்பது, லாபம் 95. சிக்கல் என்னவென்றால் திருவிழா முடிந்து வீட்டு வாசலில் நிற்கும்போது கடிகாரம் இரவு 10 காட்டும். அதனால் காலையிலேயே நிலத்தைக் கொத்தித் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போங்கள். ஈர மண்ணில் விதையை அழுத்திவிட்டுப் படுத்தால் முடிந்தது. கையில் பணம் மிஞ்சினால் கொஞ்சம் விதையைப் பெட்டியில் வைத்து அடுத்த வசந்தம் 1ஆம் தேதி நடுங்கள்: 9, 13, 17, 21, 25, ஐந்து பறிப்பு.

காப்பியைப் பற்றி இந்தப் பெயரை வைத்துக்கொண்டு எழுதாமல் இருக்க முடியாது. விளையாட்டில் காப்பிச் செடி 10 நாளில் காய்த்து, பிறகு 2 நாளுக்கு ஒரு தரம் நாலு நாலு கொட்டை தரும், வசந்தமும் கோடையும் முழுக்க. இங்கே சேர்வராயன் மலையில் நாற்று நட்டால் முதல் விளைச்சலுக்கே மூன்று நான்கு வருடம். சில்வர் ஓக் நிழல் இல்லாமல் வெட்டவெளியில் காப்பி போட்டவனை இந்த மலையில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அது போகட்டும். கொட்டையாக விற்காதீர்கள்: 5 கொட்டை 75 பொன்தான், கெக் என்ற பீப்பாயில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் 150 பொன் காப்பி. குடித்தால் நடை வேகமும் ஏறும். இந்த விளையாட்டில் பணத்தைவிடப் பெரிய செல்வம் வேகம்தான்.

விவசாய நிலை 6 வந்ததும் எட்டுக் குழிக்குத் தண்ணீர் விடும் தெளிப்பான் செய்யலாம்: இரும்புக் கட்டி 1, தங்கக் கட்டி 1, சுத்திகரித்த குவார்ட்ஸ் 1. அதுவரை கைக்குடம்தான், 40 குழிக்கு மேல் போடாதீர்கள், காலைச் சக்தி முழுவதும் அதிலேயே கரைந்துவிடும்.

#5 செவ்வாப்பேட்டை

பலாட்ரோ (2024) பேசலாம். சீட்டுக்கட்டு, ஆனா உண்மையில பெருக்கல் வாய்ப்பாடு. எண்ணிக்கை × மடங்கு, அவ்வளவுதான் கேம். ஃப்ளஷ் ஆரம்பத்துல 35 × 4. கையில ஏஸ், கிங், 9, 7, 4 அஞ்சும் ஒரே சின்னம்னு (அதுதான் ஃப்ளஷ்) வச்சுக்கங்க: 11+10+9+7+4 = 41, கூட 35 சேர்த்தா 76, நாலால பெருக்கினா 304. முதல் பிளைண்டுக்கு (ஒரு ரவுண்டுக்கு) வேண்டியது 300. ஒரே கையில முடிஞ்சது.

புதுசா ஆடறவங்க கோட்டை விடறது ஜோக்கர் (புள்ளியை ஏத்தற சிறப்புச் சீட்டு) வரிசையில. இடமிருந்து வலமாத்தான் கணக்கு ஓடும். +4 மடங்கு தர்ற ஜோக்கரும் ×3 தர்ற ஜோக்கரும் இருந்தா, கூட்டறது இடப்பக்கம், பெருக்கறது வலப்பக்கம். மேலே சொன்ன கையையே பாருங்க: (4+4)×3 = 24, மொத்தம் 1824. திருப்பி வச்சா 4×3+4 = 16, மொத்தம் 1216. சீட்டு அதே, ஜோக்கர் அதே, 608 காத்துல. தட்டுவடை செட்டுல சட்னியை வெளியில தடவற மாதிரி இது.

அடுத்தது வட்டி. கையில 5 டாலர் இருந்தா ரவுண்டு முடிவுல 1, உச்சம் 25 வச்சா 5. முதல் ரெண்டு ஆன்ட்டிக்குள்ள (மூணு பிளைண்டு சேர்ந்தது ஒரு ஆன்ட்டி) 25ஐத் தொட்டுட்டு அதுக்குக் கீழ இறங்காம கடை பார்க்கிறவங்களுக்குக் கடைசியில நல்ல ஜோக்கர் வாங்கக் காசு இருக்கும். கண்டதையும் வாங்கினவங்க அஞ்சாவது ஆன்ட்டியில நின்னுடுவாங்க. ஒவ்வொரு ஆன்ட்டி தொடங்கும்போதும் பாஸ் யாருன்னு முதல்லயே காட்டிடும், பார்க்காம கடைக்குப் போகாதீங்க. நீடில்ங்கற பாஸ் வந்தா ஒரே ஒரு கைதான். நாலு கையா சின்னச் சின்னதா சேர்த்து ஜெயிக்கிற கட்டு அங்க படுத்துடும்.

#6 மல்கோவா

இதைப் பார்த்தா வீட்டுப் பெரியவங்க ரம்மின்னு நினைக்க மாட்டாங்களா?

#7 செவ்வாப்பேட்டை

நினைப்பாங்க தம்பி. ஐரோப்பாவுலயே 2024ல அதுக்கு 18 வயசு முத்திரை குத்தி, 2025 பிப்ரவரியில 12க்கு இறக்கினாங்க. பந்தயம் கட்ட வழியே கிடையாது. டாலர் குறி வெறும் உள்காசு, உண்மைப் பணம் ஒரு பைசா உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. நம்ம மாநிலத்தோட 2022 சட்டம் தடுக்கறது காசு வச்சு ஆடற சூதாட்டத்தை. ஒருதடவை கட்டி வாங்கற பலாட்ரோவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. இதைச் சொல்லிக் காட்டுங்க, அப்புறம் அவங்களும் உட்கார்ந்துடுவாங்க.

#8 ஜங்ஷன்

அஞ்சுரோடு அண்ணா, ஹாலோ நைட் வரைக்கும் உங்க அளவுகோல் சரி. அதோட அடுத்த பாகம் சில்க்சாங்கை (2025 செப்டம்பர்) ஏன் விட்டுட்டீங்க? அதுல அபராதம் அநியாயம். ஆரம்பத்துல 5 முகமூடி. பாஸும் பெரிய எதிரிகளும் ஒரு அடிக்கு ரெண்டு எடுக்குது. 5, 3, 1, காலி. மூணே அடி. அலைஞ்சு திரிஞ்சு நாலு துண்டு சேர்த்து ஆறாவது முகமூடி வாங்கினா? 6, 4, 2, காலி. அதே மூணு அடி! அவ்வளவு தேடலுக்கும் கூலி பூஜ்யம். ஏழாவது வந்தாத்தான் நாலாவது அடி தாங்கும். இது கஷ்டம் இல்லை, கணக்குப் பிழை.

#9 அஞ்சுரோடு

கணக்கு சரி, தீர்ப்பு பாதிதான் சரி. சில்க்சாங்ல நாம ஆடற ஹார்னெட் ஒரு தடவை ஆத்திக்கிட்டா 3 முகமூடி வரும், அதுவும் அந்தரத்துல இருந்தே. பழைய நைட் தரையில நின்னு ஒண்ணு ஒண்ணா ஆத்தணும். அதனால இங்க உயிரை முகமூடியில எண்ணாதீங்க, நூல்ல (எதிரியை அடிக்க அடிக்கச் சேர்ற சக்தி) எண்ணுங்க. ஒரு தடவை ஆற 9 நூல். அதை எப்பவும் இருப்புல வச்சுக்கிட்டு மிச்சத்தை மட்டும் தாக்குதல் திறமைக்குச் செலவு பண்ணினா மூணு அடி நாலாகுது. முழு நூலையும் வீரத்துக்குக் கொட்டறவங்களுக்குத்தான் அது அநியாயமாத் தெரியும்.

ஆனா ஆறாவது முகமூடி விஷயத்துல நீங்க சொல்றதை ஒத்துக்கறேன். பரிசுன்னு கையில கொடுத்துட்டு அதுல பயன் தெரியாம வைக்கிறது வடிவமைப்புக் குறைதான். முதல் திருத்தத்துலயே மூர்விங், சிஸ்டர் ஸ்ப்லின்டர்ங்கற ரெண்டு பாஸையும் கொஞ்சம் தணிச்சாங்க, அந்த அளவுக்கு ஆரம்பம் காட்டமா இருந்திருக்கு. ஹேடீஸ் (2020) இந்த விஷயத்துல கெட்டிக்காரத்தனம் பண்ணியிருக்கு. காட் மோடு போட்டா ஆரம்பத்துலயே 20% அடி குறையும், ஒவ்வொரு சாவுக்கும் 2% கூடும், 30 தடவை செத்தா உச்சமான 80%. தோக்கத் தோக்கக் கை கொடுக்குது, கதையும் நிக்கறதில்லை. செலெஸ்ட்லயும் வேகத்தைப் பத்துப் பத்தா 50% வரைக்கும் குறைக்கலாம். இதையெல்லாம் போட்டு ஆடினா "உண்மையான ஆட்டம் இல்லை"ன்னு சொல்றவங்க பேச்சை நான் மதிக்கறதில்லை.

#10 கன்னங்குறிச்சி

ஸ்பையர்ல முதல் ஆக்ட்லயே செத்துச் செத்து விடறவங்களுக்கு ஒண்ணு சொல்லோணுங்க. கொல்றது பாஸ் இல்லீங்க, கிரெம்லின் நாப்ங்கற எலைட் (பாஸுக்கு முன்னாடி வர்ற பெரிய எதிரி). உயிர் 82ல இருந்து 86. முதல் சுத்துல அடிக்காது, கத்தும். அதுக்கப்புறம் நீங்க ஒவ்வொரு ஸ்கில் கார்டு போடும்போதும் அதோட பலம் 2 ஏறும், இறங்கவே இறங்காது. டிஃபெண்ட் 5 தடுக்குதுன்னு ரெண்டு போட்டா, அந்தச் சுத்துல இருந்தே ஒவ்வொரு அடியும் 4 கூட வரும். அங்க தடுக்கவே கூடாதுங்க, அடிச்சே முடிக்கோணும். பேஷ் போட்டு வல்னரபிள் ஆக்கினா நம்ம அடி ஒண்ணரை மடங்கு. அதனால முதல் நாலஞ்சு சண்டையில நல்ல தாக்குதல் கார்டா ரெண்டு எடுத்துட்டுத்தான் எலைட் பக்கம் போகோணும்.

கட்டு பெருத்துடக் கூடாதுங்க. சுத்துக்கு 5 கார்டு. 10 கார்டு கட்டு ரெண்டு சுத்துல முழுசாச் சுத்தி வந்துடும், 30 கார்டுன்னா ஆறு சுத்து. நல்ல கார்டு கிடைக்கறதுக்குள்ள ஆள் காலி. கடையில 75 காசு கொடுத்து ஒரு ஸ்ட்ரைக்கைத் தூக்கறது பல சமயம் புதுக் கார்டு வாங்கறதைவிட மேல். அடுத்த தடவை 100 ஆகும்.

இன்னொரு கேமும் சேர்த்துக்கோங்க, தொழிற்சாலை கட்டற ஃபேக்டோரியோ (2020). உருக்காலை ஊர்க்காரங்க அதை ஆடாம விடலாமுங்களா? கல் உலையில ஒரு இரும்புத் தகடுக்கு 3.2 நொடி. ஒரு எஃகுக்கு 5 தகடு, 16 நொடி. 5 × 3.2 = 16. ஆக ஒரு இரும்பு உலைக்கு ஒரு எஃகு உலை, நேருக்கு நேர் வச்சா மிச்சமும் இல்லை, பஞ்சமும் இல்லை. மஞ்சள் பெல்ட் நொடிக்கு 15, அதை நிரப்ப 48 கல் உலை. பச்சைச் சர்க்யூட்டுக்குக் கம்பி இழுக்கற மெஷின் 3, சர்க்யூட் மெஷின் 2. மின்சாரத்துக்கு 1 பம்பு, 20 பாய்லர், 40 இன்ஜின். தள்ளுபடிக்குக் காத்திருக்காதீங்க, அவிங்க தர்றதே இல்லை.

#11 லைன்மேடு_கீபோர்டு

பம்பு கணக்கு பழசுங்க. 2024 அக்டோபர்ல வந்த 2.0ல தண்ணீர் பத்து மடங்கு நீராவியா விரியுது. இப்ப 1 பம்புக்கு 200 பாய்லர், 400 இன்ஜின். பாய்லருக்கு ரெண்டு இன்ஜின் என்ற விகிதம் மட்டும் மாறலை. பழைய வீடியோ பார்த்துக் கட்டறவங்க கரை முழுக்கப் பம்பா நட்டு வைக்கிறாங்க.

#12 கன்னங்குறிச்சி

சரிதானுங்க, திருத்திக்கறேன். எஃகுக் கணக்கு நிக்குது.

#13 ஏற்காடுகாப்பி

அபராதம் பற்றிப் பேசும்போது மின்வெட்டை விட்டுவிட்டோம். மலையில் மழைக்காலத்தில் சொல்லாமல் போகும், கீழே மாதாந்திரப் பராமரிப்புக்கு அறிவித்துவிட்டுப் போகும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் எந்த கேம் எவ்வளவு இழக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டார்டியூ படுத்தால்தான் சேமிக்கும். பகலில் போனால் அன்றைய நாள் போச்சு, அதற்கு முந்தையது பத்திரம். சேமிக்கும் அந்த நொடியில் போனால்தான் கோப்பு கெடும். அப்போதும் பதற வேண்டாம். விண்டோஸ் பட்டனுடன் ஆர் அழுத்தி, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஃபோல்டர் திறக்கும். உள்ளே ஸ்டார்டியூ வேலி, அதற்குள் சேவ்ஸ். உங்கள் பண்ணைப் பெயருள்ள ஃபோல்டரில் ஒவ்வொரு கோப்புக்கும் "ஓல்ட்" என்று முடியும் நகல் ஒன்று இருக்கும். அது முந்தைய நாளின் சேமிப்பு. மொத்த ஃபோல்டரையும் முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள். பிறகு கெட்டுப்போன இரண்டு கோப்பையும் நீக்கி, நகல்களின் பெயரிலிருந்து அந்த வாலை வெட்டுங்கள். ஸ்டீம் எதை வைத்துக்கொள்ள என்று கேட்டால் உங்கள் கணினியில் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஸ்பையரில் மின்சாரம் போனால் அந்த அறையின் தொடக்கத்திலிருந்து வரும். சண்டையை மறுபடி ஆட வேண்டும், அவ்வளவே.

இணையம் மெதுவாக இருக்கும் இடங்களுக்கு: ஸ்டீம் பக்கத்தில் பலாட்ரோவுக்கு 150 எம்பி, ஸ்டார்டியூவுக்கு 500 எம்பி என்றுதான் போட்டிருக்கிறார்கள், போன் ஹாட்ஸ்பாட்டே போதும். ஹாலோ நைட் 9 ஜிபி. அதைக் கீழே சேலத்தில் இறக்கி, ஸ்டீம் ஃபோல்டருக்குள் ஸ்டீம்ஆப்ஸ், காமன் என்று போய் விளையாட்டின் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்துக்கொண்டு வாருங்கள். மேலே உள்ள கணினியில் அதே இடத்தில் ஒட்டிவிட்டு இன்ஸ்டால் கொடுத்தால் இருப்பதைச் சரிபார்த்து, விடுபட்டதை மட்டும் இறக்கும். பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

#14 மல்கோவா

வெண்பாங்கற கேம் வாங்கலாமா? ஒண்ணரை மணி நேரத்துல முடிஞ்சுடுதுன்னு சொல்றாங்க. 2 மணி நேரத்துக்குள்ள, 14 நாளுக்குள்ள ரீஃபண்ட் கேட்கலாம்தானே?

#15 அஞ்சுரோடு

கேட்கலாம், கிடைக்கும். ஆனா முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டுட்டு இலையைத் திருப்பிக் கொடுத்த மாதிரிதான் அது.

விலையை மணியால வகுக்காதீங்கன்னு ஆரம்பத்துல சொன்னது இதுக்காகத்தான். டொராண்டோவுல விசை கேம்ஸ் செஞ்சது, 2023ல வந்தது, அடுத்த வருஷம் பாஃப்டாவுல முதல் கேமுக்கான விருது வாங்குச்சு. 1980கள்ல கனடா போன தமிழ்க் குடும்பம், அழிஞ்சும் கிழிஞ்சும் போன அம்மாவோட சமையல் குறிப்பு. முதல் புதிரே இட்லித் தட்டை எப்படி அடுக்கறதுங்கறது. நம்ம வீட்டுல எல்லாரும் யோசிக்காம செய்யறதுதான்: ஒரு தட்டோட குழி மேல அடுத்த தட்டோட குழி உட்காரக் கூடாது, உட்கார்ந்தா மாவு உப்ப இடமில்லை. வெளிநாட்டுக்காரங்க அங்க நின்னு யோசிக்கறாங்க. தப்பா செஞ்சா மறுபடி செய்யலாம், அபராதமே இல்லை. புதிரா பார்த்தா நமக்கு ரொம்ப லேசு, அதை எதிர்பார்த்து வாங்காதீங்க. பேச்சுக்காக வாங்குங்க.

#16 ஜங்ஷன்

அப்போ அபராதமே இல்லாம, ஆனா மண்டை காயற மாதிரி ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்.

#17 அஞ்சுரோடு

ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018), லூகஸ் போப் செஞ்சது. 1807, ஆளில்லாம திரும்பி வந்த கப்பல், 60 பேர். ஒவ்வொருத்தரும் யாரு, எப்படிப் போனாங்கன்னு புத்தகத்துல நிரப்பணும். எத்தனை தடவை தப்பா எழுதினாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா ஒருத்தரைச் சரியா எழுதினாலும் சொல்லாது. மூணு பேர் முழுசாச் சரியா வந்தாத்தான் உறுதி பண்ணும். குத்துமதிப்பா அடிச்சுத் தள்ளறவங்களுக்குக் கதவைச் சாத்தினது அந்த மூணுதான். இந்திய மாலுமிங்க வர்ற இடத்துல முகத்தைப் பார்த்து ஊகிக்காதீங்க, தொங்குதூளியில இருக்கற எண்ணைப் படிங்க. உங்க 8 ஜிபி லேப்டாப்லயும் ஓடும். ஒரே ஒரு எச்சரிக்கை: இணையத்துல ஒரு பெயரைக்கூடத் தேடாதீங்க, இந்த இழையிலயும் யாரும் எழுதாதீங்க.